வீட்டிலை இருந்து பாட்டுக் கேக்க ஒரு நல்ல ஹெட்போன்: அறுபதினாயிரத்துக்குள்ளை எது?

பரந்தன்சந்தி:

வணக்கம். ஒரு உருப்படியான ஹெட்போன் வாங்குவம் எண்டு இருக்கிறன். வெளியிலை கொண்டு திரியிறதுக்கு இல்லை, வீட்டிலை இருந்து கேக்கத்தான். பிள்ளையள் படுத்தாப்பிறகுதான் எனக்கு நேரம் வாறது. ஸ்பீக்கர் போட்டால் சின்னவள் எழும்பிடுவாள். இவ்வளவு நாளும் போனோடை வந்த இயர்போன்தான். அதிலையும் ஒரு பக்கம் செத்துப்போச்சு.

கேக்கிறது எழுபது எண்பதுகளின்ரை சினிமாப் பாட்டு, நாதஸ்வரக் கச்சேரி, இடைக்கிடை எங்கடை பக்கத்துக் கூத்துப் பதிவுகள். எல்லாம் லப்ரொப்பிலையும் போனிலையும் கிடக்கு. போனிலை ஹெட்போன் ஓட்டை இல்லை, ரைப்-சி மட்டும்தான்.

அறுபதினாயிரம் மட்டும் போகலாம். தேடிப் பாத்தால் ஓப்பின்-பாக், குளோஸ்ட்-பாக், ஓம், டிஏசி எண்டு ஆளாளுக்கு ஒண்டு சொல்லுகினம். கிளிநொச்சியிலை போட்டுப் பாத்து வாங்கிற மாதிரிக் கடையும் இல்லை. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பாஸ்மன்னன்_பிடிகே:

அண்ணை ஏன் யோசிக்கிறியள். நொய்ஸ் கான்சலிங் உள்ள புளூரூத் ஒண்டை எடுங்கோ. வயரும் இல்லை, கரைச்சலும் இல்லை. பாஸ் அடிச்சால் நெஞ்சுக்குள்ளை விழும்.

மல்லாவி றேடியோ:

பரந்தன்சந்தி, பேர் சொல்ல முதல் உங்களிட்டை ஒரு சில கேள்வி. கூரை ஓடோ, தகரமோ, சீற்றோ? சீலிங் அடிச்சிருக்கோ? நீங்கள் கேக்கிற அறையிலை ஃபான் ஓடுமோ? பிள்ளையள் படுக்கிற அறைக்கும் உங்களுக்கும் நடுவிலை சுவர் கூரை மட்டும் போகுதோ, இல்லாட்டி அரைச் சுவரோ? கண்ணாடி போடுறனீங்களோ?

சும்மா கேக்கேல்லை. ஆக்கள் முதல் ஹெட்போனைத் தெரிவு செய்துபோட்டுப் பிறகுதான் வீட்டைப் பாக்கினம். என்ரை மேசைக்குத் திருத்த வாற ஹெட்போனிலை பாதி பழுதாப்போனது இல்லை. பொருந்தாததை வாங்கிப்போட்டு "சவுண்ட் சரியில்லை, ஒருக்காப் பாருங்கோ" எண்டு கொண்டுவாறதுதான்.

பரந்தன்சந்தி:

தகரக் கூரை அண்ணை. சீலிங் முன் அறையிலை மட்டும், நான் கேக்கிற பின் அறைக்கு இல்லை. நிண்டு சுத்திற ஃபான் ஒண்டு இருக்கு, அது இல்லாமல் இருக்கேலாது. பிள்ளையளின்ரை அறை முன்னுக்கு, நடுவிலை முழுச் சுவர். கண்ணாடி போடுறன்.

மல்லாவி றேடியோ:

நல்லது, இப்ப கதைக்கலாம்.

குளோஸ்ட்-பாக் எண்டால் காதுக் கோப்பையின்ரை பின்பக்கம் மூடி இருக்கும். வெளிச்சத்தம் உள்ளுக்கு வாறது குறைவு, உள்ளுக்குள்ளை இருக்கிறதும் வெளியிலை போகாது. ஓப்பின்-பாக் எண்டால் பின்பக்கம் வலை. காத்துப் போய்வரும், சத்தமும் போய்வரும். பக்கத்துக் கதிரையிலை இருக்கிற ஆளுக்கு உங்கடை பாட்டு மெல்லிசாய்க் கேக்கும். ஆனால் முழுச் சுவர் தாண்டிப் பிள்ளையளை எழுப்பாது. பின்பக்கம் மூடினதுக்குள்ளை சத்தம் மோதித் திரும்பி வாற வேலை இதிலை குறைவு. அதாலை குரலும் வாத்தியமும் தலைக்குள்ளை அடைபடாமல் கொஞ்சம் வெளியிலை நிக்கிற மாதிரி இருக்கும். 1968இலை சென்ஹைசர் எச்டி 414 எண்ட ஒண்டைக் கொண்டுவந்த நாளிலை இருந்து இந்த வகை இருக்கு. வீட்டிலை ஆறுதலாய் இருந்து கேக்கிற ஆக்களிலை கனபேர் இதைத்தான் விரும்புகினம்.

எங்கடை பக்கத்துக்கு வெக்கை பெரிய விசயம். சித்திரை வைகாசியிலை தகரத்துக்குக் கீழை இருந்து தோல் பாட் (காதிலை படுற மெத்தை) போட்ட குளோஸ்ட்-பாக் ஒண்டை மாட்டிப் பாருங்கோ. கொஞ்ச நேரத்திலை காதைச் சுத்தி வேர்வை வழியும். அந்தத் தோல் உண்மைத் தோலும் இல்லை, துணியிலை பூசின பிளாஸ்ரிக். வேர்வையும் சூடும் பட்டுப் பட்டுக் கறுப்புச் செதிலாய் உரிஞ்சு காதிலை ஒட்டும். வெல்வெட் மாதிரியான துணிப் பாட் வெக்கைக்கு நல்லம், கழட்டிக் கழுவவும் ஏலும்.

கண்ணாடியை ஏன் கேட்டனான் எண்டால், குளோஸ்ட்-பாக்கிலை பாஸ் வாறதே பாட் காதைச் சுத்தி இறுக்கமாய் அடைச்சு இருக்கிறதாலைதான். கண்ணாடிக் கால் இடையிலை போய்ச் சின்ன நீக்கல் விட்டால் பாஸ் அதுக்குள்ளாலை போயிடும். ஏகேஜி கே371 எண்டு ஒரு நல்ல குளோஸ்ட்-பாக் இருக்கு, கண்ணாடி போடுற ஆக்களுக்கு அதிலை வாற பெரிய முறைப்பாடே உதுதான். ஓப்பின்-பாக்கிலை இந்தப் பிரச்சினை குறைவு.

அதாலை உங்களுக்கு ஓப்பின்-பாக். ஆனால் ஒண்டு, மாரியிலை தகரத்திலை மழை விழேக்கை ஓப்பின்-பாக்கிலை ஒண்டும் கேக்கேலாது. உதைச் சொல்லாமல் விட்டால் ஐப்பசியிலை என்னைத் தேடிவந்து ஏசுவியள்.

ஒலிப்பித்தன்:

றேடியோ அண்ணை சொன்ன ஓப்பின்-பாக் சரி. ஆனால் இந்தக் காலத்திலை சாதாரண டைனமிக் ஏன்? பிளேனார் எடுங்கோ. ஹைஃபைமான் எச்ஈ400எஸ்ஈ உங்கடை காசுக்குள்ளை வரும். அதோடை ஒரு மேசை அம்பிளிபயர், ஒரு டிஏசி (டிஜிற்றல் பாட்டை ஹெட்போனுக்கான மின் அலையாய் மாத்திறது). அம்ப் இல்லாமல் நல்ல ஹெட்போன் வாங்கிறது வீண். போனிலை குத்தினால் அதின்ரை பாதிதான் கேக்கும்.

பாஸ்மன்னன்_பிடிகே:

பிளேனார் எண்டால் என்னண்ணை?

ஒலிப்பித்தன்:

சாதாரண ஹெட்போனிலை ஒரு சின்னச் சுருள் காந்தத்துக்குள்ளை ஆடும். அதோடை ஒட்டின கூம்பு காத்தைத் தள்ளும், ஸ்பீக்கர் மாதிரித்தான். பிளேனாரிலை சுருள் இல்லை. மெல்லிய படலம் ஒண்டிலை கம்பிப் பாதை பதிச்சு, அதை வரிசையாய் வைச்ச காந்தங்களுக்குப் பக்கத்திலை விட்டிருக்கும். படலம் முழுக்க ஒரே நேரத்திலை அசையும். சத்தம் கீழ் பாஸ் வரைக்கும் குறையாமல் நேராய்ப் போகும். ஆனால் அமெரிக்கச் சந்தையிலை நல்ல பேர் எடுத்த பிளேனார் கனக்கப் பாரம், எச்ஈ400எஸ்ஈயும் கையிலை தூக்கினால் தெரியும்.

மல்லாவி றேடியோ:

பிளேனார் நல்லதுதான், நான் மறுக்கேல்லை. ஆனால் "அம்ப் இல்லாமல் வீண்" எண்டது எல்லாத்துக்கும் பொருந்தாது. கணக்குப் போட்டுப் பாப்பம். இதை வாசிச்சு விளங்கினால் எந்தப் பெட்டியையும் நீங்களே படிக்கலாம்.

ஓம் எண்டது ஹெட்போனின்ரை மின்தடை. கூடின ஓம் எண்டால் அதே சத்தத்துக்குக் கூடின வோல்ற் தேவைப்படலாம். ஆனால் ஓமை மட்டும் பாத்து முடிவெடுக்கேலாது, உணர்திறனையும் பாக்கவேணும். இதிலைதான் கம்பனியள் சனத்தைக் குழப்பிறது. ஒருத்தன் ஒரு வோல்ற்றுக்கு எத்தினை டெசிபெல் எண்டு போடுவான், மற்றவன் ஒரு மில்லிவாற்றுக்கு எண்டு போடுவான். ரெண்டையும் நேரே ஒப்பிடேலாது.

சென்ஹைசர் எச்டி 560எஸ்: 120 ஓம், ஒரு வோல்ற்றுக்கு 110 டெசிபெல்.
பேயர்டைனமிக் டிரி 990 புரோ: 250 ஓம், ஒரு மில்லிவாற்றுக்கு 96 டெசிபெல்.

பாக்க வித்தியாசம் 14 டெசிபெல் போலை கிடக்கும். 250 ஓமுக்கு ஒரு வோல்ற் குடுத்தால் 4 மில்லிவாற். நாலு மடங்கு எண்டால் 6 டெசிபெல் கூட. அப்ப டிரி 990 ஒரு வோல்ற்றுக்கு 102. உண்மை வித்தியாசம் 8 டெசிபெல்தான்.

இப்ப போனுக்கு வருவம். ரைப்-சியிலை குத்திற அப்பிளின்ரை சின்ன டொங்கிள் இருக்கெல்லோ, அதுக்குள்ளை ஒரு முழு டிஏசியும் அம்பும் இருக்கு. உச்சத்திலை ஒரு வோல்ற் அளவு குடுக்கும். ஐரோப்பாவுக்கு விக்கிறது அதிலை பாதி. எச்டி 560எஸ்ஸை அதிலை போட்டால் 110 டெசிபெல் மட்டும் போகலாம். வீட்டிலை இரவிலை ஆறுதலாய்க் கேக்கிறது சராசரி 70, 75தான். தவில் அடி ஒண்டு திடீரெண்டு 20 டெசிபெல் மேலை எழும்பினாலும் இடம் மிச்சம் இருக்கு. இதுக்கு ஏன் மேசை அம்ப்? ஒண்டு, சில அண்ட்ரொயிட் போனிலை அந்த டொங்கிள் முழுச் சத்தம் தராது. வாங்க முதல் உங்கடை போனிலை குத்திப் பாருங்கோ, இல்லாட்டி வேற கம்பனியின்ரை டொங்கிள் எடுங்கோ.

300 ஓம் எச்டி 600 போலை ஒண்டுக்கு, அதுவும் மெல்லிசாய்ப் பதிஞ்ச கச்சேரிக்கு, அம்ப் வேணும் எண்டு சொன்னால் ஒத்துக்கொள்ளுவன்.

ஒலிப்பித்தன்:

கணக்கு சரி அண்ணை. ஆனாலும் அம்ப் போட்டால் ஒரு "உடம்பு" வரும், அதை டெசிபெல்லிலை அளக்கேலாது.

மல்லாவி றேடியோ:

அளக்கலாம். ரெண்டையும் வோல்ற்மீற்றர் வைச்சு ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, எது ஓடுது எண்டு தெரியாமல் கேட்டுப் பாருங்கோ. கொஞ்சம் சத்தம் கூடினதைத்தான் எல்லாற்றை காதும் நல்லது எண்டு சொல்லும்.

சுருதிப்பெட்டி:

நான் வவுனியாவிலை சங்கீதம் படிப்பிக்கிறனான். இந்த இழையில் இலக்கங்கள் நிறைய வந்துவிட்டன, கொஞ்சம் இசைப் பக்கமும் கதைப்போம்.

பரந்தன்சந்தி நாதஸ்வரம் கேட்கிறவர். அது கோயில் வீதியில் தூரம் போவதற்கென்றே செய்த வாத்தியம். சீவாளியில் இருந்து வருகிற ஒலியில் மேல்சுரங்களின் செறிவு அதிகம். மனிதக் காது 2 முதல் 5 கிலோஹேர்ட்ஸ் வரையான பகுதியில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும். அந்த இடத்தில் ஒரு ஹெட்போன் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் நாதஸ்வரம் காதைக் கிழிக்கும். அதற்கு மேலே 8 கிலோஹேர்ட்ஸ் அளவில் எழுப்பம் இருந்தால் பாடகியின் "ஸ", "ஷ" எல்லாம் ஊசிபோலக் குத்தும். டிரி 990 புரோவில் இந்த மேல் எழுப்பம் பிரசித்தம். சிலம்பும் ஜாலராவும் மினுங்கும், உண்மைதான், ஆனால் ஒரு மணித்தியாலம் கேட்டால் எனக்குத் தலை இடிக்கிறது. பழைய சினிமாப் பதிவுகள் பலவற்றில் குரல் ஏற்கெனவே கூர்மையாகத்தான் இருக்கும், அதோடு இதுவும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை.

சோதித்துப் பார்க்கத் தவில்தான் எனக்குப் பிடித்த வாத்தியம். வலந்தலையில் (வலது பக்கத் தோலில்) கூடு போட்ட விரல்கள் விழுகிற ஓசையும் தொப்பியில் (இடது பக்கத் தோலில்) கழி விழுகிற ஓசையும் வேறு வேறு. நல்ல ஹெட்போனில் தொப்பி அடி விழுந்து, குணம் காட்டி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிடும். பாஸ் கூட்டி விற்கிற ஹெட்போனில் அது "தொம்" என்று இழுபட்டு அடுத்த சொல்லின்மேல் விழும், நடை கலங்கும்.

இன்னொன்று. எழுபதுகளின் சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. இரண்டு காதிலும் ஒரே ஒலி. எவ்வளவு பெரிய ஓப்பின்-பாக் போட்டாலும் அது தலைக்கு நடுவில்தான் நிற்கும், மேடை விரியாது. எண்பதுகளில் ஸ்டீரியோ வந்தபிறகு சில பதிவுகளில் வயலின் எல்லாம் ஒரு காதிலும் கிற்றார் மற்றக் காதிலுமாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஸ்பீக்கரில் அது அழகு, ஹெட்போனில் அரைத் தலை பாரமாக இருக்கும். இடது ஒலியில் கொஞ்சத்தை வலதுக்கும் வலது ஒலியில் கொஞ்சத்தை இடதுக்கும் விடுகிற "குரொஸ்ஃபீட்" வசதி சில பிளேயர்களில் இருக்கிறது. அதைப் போட்டால் ஆறுதல்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு, கடை விளம்பரங்களில் யாரும் சொல்வதில்லை. தோட்டின் பின்திருகு காது மெத்தைக்குள் அமர்ந்து காதின் பின்னே குத்தும். காதை முழுதாக மூடுகிற ஆழமான பாட் வேண்டும். கொண்டை போட்டால் பட்டி பின்னால் சரியும்.

பரந்தன்சந்தி:

ரீச்சர், நன்றி. தவில் விசயம் இப்பதான் விளங்குது. என்னட்டை இருக்கிற கூத்துப் பதிவு கனக்கப் போனிலை எடுத்தது, முள்ளியவளைப் பக்கம் ஆடின கோவலன் கூத்து. மத்தளம் விழேக்கை அண்ணாவியாரின்ரை பாட்டு அமுங்கிப் பிறகு எழும்புது. நல்ல ஹெட்போன் போட்டால் உது சரிவருமோ?

மல்லாவி றேடியோ:

வராது. அது போன் மைக்கின்ரை வேலை. பெரிய சத்தம் வந்தால் போன் தானாய் எல்லாத்தையும் இறக்கும், அடி நிண்டாப்பிறகு மெல்ல ஏத்தும். அந்த ஏற்ற இறக்கம் பதிவுக்குள்ளையே ஏறிப்போச்சு. நல்ல ஹெட்போன் அதை இன்னும் தெளிவாய்க் காட்டும், அவ்வளவுதான். கசற்றிலை இருந்து ஏத்தின யூரியூப் பாட்டும் இப்பிடித்தான், இரைச்சலும் இழுவையும் வடிவாய்க் கேக்கும். உதுக்கு ஆயத்தமாய் இருங்கோ.

அடுத்தமுறை கூத்து நடக்கேக்கை போன் றெக்கோடரிலை தானாய்ச் சத்தம் மாத்திறதை நிப்பாட்டிற வசதி உள்ள ஆப் ஒண்டைப் போட்டு, மத்தளக்காரருக்குத் தள்ளி அண்ணாவியாருக்குக் கிட்ட நில்லுங்கோ. அது ஹெட்போனிலை செலவழிக்கிறதை விடப் பலன்.

பாஸ்மன்னன்_பிடிகே:

எல்லாரும் என்ரை நொய்ஸ் கான்சலிங்கை மறந்திட்டியள். ஃபான் சத்தம், மழை, பக்கத்து வீட்டு ஜெனரேற்றர் எல்லாத்துக்கும் அதுதானே மருந்து. சோனி எக்ஸ்எம்4 சாச் போட்டால் 30 மணித்தியாலம் ஓடும்.

மல்லாவி றேடியோ:

தம்பி, நீங்கள் சொல்லுறதிலை பாதி சரி. அது வெளிச்சத்தத்தை மைக்காலை கேட்டு, அதுக்கு நேர் எதிரான அலையை உள்ளுக்கு விட்டு அழிக்கிற விதம். ஒரே சீராய் இரையிற தாழ்ந்த சத்தத்துக்கு நல்லாய் வேலை செய்யும், ஃபானும் ஜெனரேற்றரும் அந்த வகை. நாய் குரைக்கிறது, தகரத்திலை மழைத்துளி தெறிக்கிறது, ஆரும் கூப்பிடுறது, உதுகள் திடீர்ச் சத்தம், முழுசாய் அடங்காது. பஸ்ஸிலை கொழும்புக்குப் போற ஆளுக்கு நான் அதைத்தான் சொல்லுவன்.

வீட்டுக்கு ஏன் சொல்லேல்லை எண்டால், அதே காசிலை பெரும் பங்கு பற்றரிக்கும் மைக்குக்கும் சிப்புக்கும் போகுது. எங்கடை வெக்கையிலை லிதியம் பற்றரி கெதியாய்க் களைக்கும். மாத்திறதெண்டால் கோப்பையைப் பிரிக்கவேணும். வயர் ஹெட்போன் ஒண்டை ஒழுங்காய் வைச்சிருந்தால் காது மெத்தையும் வயரும் மாத்தி மாத்தி இருபது வருசம் ஓட்டலாம். சோனி எம்டிஆர்-7506 1991இலை வந்தது. இண்டைக்கும் ஸ்ரூடியோக்களிலை பாவிக்கினம், பாகமும் வாங்கலாம்.

2022இலை 13 மணித்தியாலம் கரண்ட் நிண்ட நாளை நினைச்சுப் பாருங்கோ. சாச் போடவே இடமில்லை.

ரொறன்ரோ வன்னியன்:

கரண்ட் கதை வந்தபடியால் ஒண்டு. நாங்கள் கரண்டே இல்லாத வன்னியிலை பாட்டுக் கேட்ட ஆக்கள். பற்றரி கொண்டுவரத் தடை, சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தன் பெடலைச் சுத்த, டைனமோவிலை றேடியோ பாடும். சுத்திறவன் களைச்சால் பாடகரின்ரை சுருதி இறங்கும்.

ரீச்சர் இருக்கிற இடத்திலை உதைச் சொல்லக்கூடாதுதான்.

சுருதிப்பெட்டி:

கசற் எண்டால் இறங்கும். றேடியோவில் சத்தம் குறைந்து கரகரக்குமே தவிரச் சுருதி இறங்காது அண்ணா.

ரொறன்ரோ வன்னியன்:

சரி ரீச்சர், கசற்தான்.

விசயத்துக்கு வாறன். காதுக்குள்ளை போடுற ஐஇஎம் வகையை ஒருத்தரும் சொல்லேல்லை. இண்டைக்குச் சீனக் கம்பனியள் செய்யிற மலிவானது பழைய விலை கூடினதை வெல்லுது. மூன்ட்ரொப் சூ 2022இலை 20 டொலர் அளவிலைதான் வந்தது. வெக்கை இல்லை, கண்ணாடி பிரச்சினை இல்லை, மழைச்சத்தமும் குறையும், எந்த டொங்கிளிலையும் ஓடும். அறுபதினாயிரம் தேவையே இல்லை.

சுருதிப்பெட்டி:

ஒலி நல்லது, நானும் வைத்திருக்கிறேன். நீண்ட நேரம் காதுத் துவாரத்துக்குள் இருந்தால் எனக்கு அரிக்கிறது. பாடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, காதை அடைத்துக்கொண்டு கூடப் பாடினால் சொந்தக் குரல் மண்டைக்குள் முழங்கும். கூடப் பாடாமல் கேட்கிறவர் என்றால் வாங்கலாம்.

மல்லாவி றேடியோ:

ரொறன்ரோ அண்ணை சொன்னதிலை பெரிய நியாயம் இருக்கு. பரந்தன்சந்தி, நான் உங்கடை இடத்திலை இருந்தால் மாரிக்கும் பஸ்ஸுக்கும் மலிவு ஐஇஎம் ஒண்டு, மற்ற நாளுக்கு ஓப்பின்-பாக் ஒண்டு எண்டு ரெண்டாய்ப் பிரிப்பன். ஒண்டிலையே எல்லாம் தேடினால்தான் விலை ஏறுது.

ஒலிப்பித்தன்:

இதுக்கு நானும் ஓம். பிளேனாரைத் திணிக்கேல்லை. ஆனால் ஈக்யூ (மேல் கீழ்ச் சத்தங்களை வேற வேறயாய்க் கூட்டிக் குறைக்கிற வசதி) பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே? லப்ரொப்பிலை "ஈக்குவலைசர் ஏபிஓ", அண்ட்ரொயிட்டிலை "வேவ்லெட்". ரெண்டும் சும்மா எடுக்கலாம். ஒவ்வொரு ஹெட்போனுக்கும் அளந்து வைச்ச திருத்தம் "ஓட்டோஈக்யூ" எண்ட பேரிலை இருக்கு. மொடலைத் தெரிவு செய்தால் மேடு பள்ளத்தைத் தானே நிரவும். அது பெரும்பாலும் ஹார்மன் கம்பனியிலை ஷோன் ஒலிவும் ரொட் வெல்ரியும் கனபேரைக் கேக்கவைச்சுக் கண்டுபிடிச்ச ஒலிவளைவைப் பாத்துத்தான் நிரவிறது. ரீச்சர் சொன்ன டிரி 990இன்ரை 8 கிலோஹேர்ட்ஸ் குத்தைக் கூட ஓரளவுக்கு இறக்கலாம்.

சுருதிப்பெட்டி:

இறக்கலாம். ஆனாலும் திருத்தாமலே சரியாக இருக்கிற ஒன்றை வாங்கிவிட்டு, மிச்சத்தைத் திருத்துவது நல்லது.

மிளகாய்த்தோட்டம்:

இடையிலை வாறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. நான் ஒட்டுசுட்டான். என்ரை ஹெட்போனை லப்ரொப்பிலை குத்தினால் "ம்ம்ம்" எண்டு ஒரு இரைச்சல். சாச்சரைக் கழட்டினால் நிண்டிடும். லப்ரொப்பின்ரை உலோகத்திலை கை வைச்சால் சுள்ளெண்டும் இருக்கு. ஹெட்போன் பழுதோ?

மல்லாவி றேடியோ:

ஹெட்போன் பழுதில்லை, உங்கடை வீட்டு எர்த். எங்கடை கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அந்த "ம்" அதுவும் அதின்ரை மடங்குகளும்தான். சாச்சருக்குள்ளை இரைச்சல் வடிக்கிற கொண்டென்சர் ஒண்டு இருக்கு. எர்த் சரியில்லாட்டில் அதுக்குள்ளாலை சொட்டுக் கரண்ட் லப்ரொப் உடம்புக்கு வரும். சுள்ளெண்டுறது அதுதான். மூண்டு பின் சாச்சரை ரெண்டு பின் அடப்ரரிலை குத்தி இருந்தால் முதல் அதை மாத்துங்கோ.

அதுக்குப் பிறகும் இருந்தால் எர்த் கம்பியைப் பாக்கவேணும். எங்கடை நிலம் ஆனி ஆடியிலை காஞ்சு வெடிக்கும். காஞ்ச மண்ணிலை எர்த் தடை கூடும், மாரியிலை இரைச்சல் தானாய்க் குறைஞ்சால் காரணம் உதுதான். கம்பி அடிச்ச இடத்துக்குத் தண்ணி விட்டுப் பாக்கலாம். ஆனால் நிரந்தரத் தீர்வுக்கு வயரிங் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கோ, ரிப் சுவிச்சும் வேலை செய்யுதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. இது பாட்டுக் கேக்கிற விசயத்தை விடப் பெரிசு, விடாதேங்கோ.

பாஸ்மன்னன்_பிடிகே:

அப்ப அண்ணை, பாஸ் வேணும், வெக்கையும் கூடாது, அம்ப் வேண்டாம், எனக்கு எது?

மல்லாவி றேடியோ:

டிரி 770 புரோ, 80 ஓம். குளோஸ்ட்-பாக், பாஸ் இருக்கு, பாட் துணி. மேல்சுரம் கொஞ்சம் கூர், வேவ்லெட்டிலை இறக்குங்கோ. வயர் உடம்போடை சேந்தது, கழராது. அறுந்தால் மேசைக்குக் கொண்டு வாங்கோ. இப்ப ஹெட்போன் வயரிலை கனக்க வார்னிஷ் பூசின மெல்லிய இழை. சும்மா ஈயம் வைச்சால் பிடிக்காது, நுனியைச் சூட்டிலை எரிச்சுப்போட்டுத்தான் ஒட்டவேணும். "ஒட்டினன், வேலை செய்யேல்லை" எண்டு வாற ஆக்கள் எல்லாருக்கும் காரணம் உதுதான்.

சத்தத்தையும் குறைச்சுக் கேளுங்கோ. உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது கிழமைக்கு 40 மணித்தியாலம் எண்டால் 80 டெசிபெல். 3 டெசிபெல் கூட்டினால் நேரம் பாதி. 89 வைச்சால் கிழமைக்கு 5 மணித்தியாலம்தான். பாஸ்மன்னன் வைக்கிற சத்தத்துக்கு எவ்வளவு எண்டு அவரே கணக்குப் பாக்கட்டும்.

பரந்தன்சந்தி:

எல்லாத்தையும் வாசிச்சு, ரெண்டிலை வந்து நிக்கிறன். சென்ஹைசர் எச்டி 560எஸ், இல்லாட்டி பிலிப்ஸ் எஸ்எச்பி9500. ரெண்டும் ஓப்பின்-பாக்.

மல்லாவி றேடியோ:

எஸ்எச்பி9500 32 ஓம், மலிவு, தலையிலை இருக்கிறதே தெரியாது. வயர் சாதாரண 3.5 மில்லிமீற்றர் ஜக், கிளிநொச்சிப் பஸ் நிலையத்தடிக் கடையிலையும் வாங்கலாம். கீழ் பாஸ் குறைவு, காது மெத்தையைக் கழட்டி மாத்திறது கரைச்சல்.

எச்டி 560எஸ் 240 கிராம், பாட் துணி, கழட்டலாம். கீழ் பாஸ் அதைவிட ஆழம், தொப்பி அடி சொன்ன இடத்திலை நிக்கும். மேல்சுரம் கொஞ்சம் தூக்கல். வயர் 2.5 ஜக், உள்ளை விட்டுத் திருப்பிப் பூட்டிறது. அறுந்தால் அந்த வகையையே தேடவேணும். 2020இலை வந்தபோது அமெரிக்க விலை 200 டொலர் அளவு. இப்ப தள்ளுபடி வாற நேரம் குறையும்.

நாதஸ்வரமும் தவிலும் எண்டால் 560எஸ். காசு முக்கியம் எண்டால் பிலிப்ஸ் எடுத்து மிச்சத்துக்கு ஐஇஎம்.

சுருதிப்பெட்டி:

560எஸ். கண்ணாடியோடும் சரிவரும். புதுசில் கொஞ்சம் இறுக்கும், தலை அகலத்துக்கு அடுக்கின புத்தகங்களில் இரவு மாட்டி வைத்தால் இளகும்.

ரொறன்ரோ வன்னியன்:

வைகாசியிலை வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாறன். தள்ளுபடியிலை கண்டால் எடுத்துக்கொண்டு வரலாம். கடைப் பற்றுச்சீட்டோடை தருவன், கொண்டுவாறதுக்குக் காசு வேண்டாம். ஒண்டு யோசியுங்கோ: இங்கை வாங்கினால் உத்தரவாதம் அங்கை செல்லாது. ஆனால் பேர்போன மொடல்களுக்குப் போலியும் கன இடத்திலை விக்குது. எதிர்பாராத மலிவு விலையிலை இணையத்திலை கண்டால் விட்டிடுங்கோ.

பரந்தன்சந்தி:

பெரிய உதவி அண்ணை. அப்ப 560எஸ் எண்டே முடிவு. டொங்கிளும் ஒண்டு சேத்து எடுத்து வாங்கோ, என்ரை போனிலை சரிவராட்டில் லப்ரொப்புக்கு வைச்சிருப்பன். வந்தாப்பிறகு மூடிவைக்க ஏதும் வேணுமோ? எங்கடை றோட்டு கிறவல், புழுதி அள்ளிக் கொட்டும்.

மல்லாவி றேடியோ:

வேணும். ஓப்பின்-பாக்கின்ரை வலைக்குள்ளாலை புழுதியும் போகும், சின்ன எறும்பும் போகும். கேட்டு முடியத் துணிப் பையிலை போட்டுக் கட்டி வையுங்கோ, ஆணியிலை கொழுவ வேண்டாம். எப்பவாவது ஒரு காதிலை பாஸ் வரேக்கை "சர்ர்" எண்டால் உடனை பழுது எண்டு நினைக்காதேங்கோ. கனக்க நேரம் தலைமயிர் ஒண்டு உள்ளை விழுந்து படலத்திலை தட்டுறதுதான். காது மெத்தையைக் கழட்டி, கவிட்டுப் பிடிச்சு மெல்லத் தட்டினால் விழும். வாயாலை ஊதவேண்டாம், எச்சில் போகும்.

ரொறன்ரோ அண்ணை, அதோடை வாற வயர் 3 மீற்றர், நுனியிலை 6.3 பெரிய ஜக். 3.5 ஆக்கிற அடப்ரர் பெட்டிக்குள்ளை இருக்கும். ஆனால் அவ்வளவு பாரத்தையும் டொங்கிளிலை தொங்கவிட்டால் டொங்கிள் கழுத்து முறியும். பெட்டிக்குள்ளை இருக்கிறது வயர் இல்லாத அடப்ரர் எண்டால், 6.3இலை இருந்து 3.5க்கு ஒரு சாண் வயரோடை வாறது ஒண்டும் பாத்து எடுத்து வாங்கோ.

ரொறன்ரோ வன்னியன்:

எழுதி வைச்சிட்டன். கறுப்பிலைதான் வருது, வேற நிறம் கேக்காதேங்கோ.